கொதமாவுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள்)

கோவை:
எல்லோருக்கும் வணக்கம். சிறுவர் படப்புத்தகம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிய மரங்களில் குடியிருக்கும் ஆவிகளைப் பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முதிர்ந்த மரத்தில் இருப்பதை அங்கே 'கொதமா' என்கிறார்கள். மலையில் கேட்கும் எதிரொலிக்கும் அதே சொல்தான். நாம் கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடுவது அதுதான் என்று நம்பிக்கை. இப்போதைக்கு 'மர ஆவி' என்று போட்டிருக்கிறேன். அதில் எதிரொலி வரவில்லை.

மட்டக்களப்பு:
சேர்த்து எழுதினால் மரவாவி. எங்கட பிள்ளைகள் வாவிக் கரையிலேயே வளருதுகள், தண்ணியைத்தான் நினைக்கும். பிரித்து எழுதினால் இடியப்பம் அவிக்கிற ஞாபகம். வேறு பாருங்கோ.

குடந்தை:
புணர்ச்சியில் பிழை இல்லை. 'மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்' என்பது நன்னூல். மரம், அடி சேர்ந்து மரவடி ஆவது போலத்தான் இதுவும். ஆனால் ஆவி எதற்கு அம்மா? குறுந்தொகை 87ஆம் பாட்டைப் பிரியுங்கள். 'மன்ற மராஅத்த பேஎமுதிர் கடவுள்' என்கிறார் கபிலர். மன்றத்து மராமரத்தில் இருக்கும் பழைய கடவுள், அச்சம் தருவது, கொடியவரை வருத்துவது. ஜப்பானியர் சொல்வதும் ஏறக்குறைய இதுதானே? அப்படி வருத்தும் தெய்வத்துக்கு அணங்கு என்று பேர். மரவணங்கு என்று வையுங்கள்.

சிங்கப்பூர்:
ஐயா, நான் அதை 'மர வணங்கு' என்று படித்துவிட்டு, யாரோ மரத்தைக் கும்பிடச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அங்கே கும்பிடவும்தான் செய்கிறார்கள். அடிமரத்தைச் சுற்றி வைக்கோல் புரி கட்டியிருப்பார்கள். அது வேறு கதை.

கோவை:
அச்சம் தருவது என்பதில்தான் எனக்குத் தயக்கம், ஐயா. ஓவியர் தொரியாமா செகியென் 1776இல் வெளியிட்ட பேய்ப்படத் தொகுதியில் முதல் படமே கொதமாதான். அந்தப் படத்தை இந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கிறார்கள். ஒரு கிழட்டுப் பைன் மரம், பக்கத்தில் வயதான ஒரு கிழவனும் கிழவியும். நூறாண்டு கண்ட மரத்தில் தெய்வம் உண்டு, அது உருக்காட்டும் என்பார்கள் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது. பார்த்தால் பயம் வராது, நம் வீட்டுத் தாத்தா பாட்டி மாதிரி இருக்கிறார்கள். ஜப்பானில் அஓகஷிமா என்று ஒரு தீவு. அங்கே சுகி என்ற பெரிய ஊசியிலை மரங்களின் அடியில் சின்னதாகக் கோயில் வைத்து இதையே வழிபடுகிறார்கள். பேய் என்று எழுத மனம் வரவில்லை.

குடந்தை:
அப்படியானால் சிலம்பு! மலைக்கும் சிலம்பு என்று பெயர், ஒலித்தலுக்கும் சிலம்புதல் என்று பெயர். கூப்பிட்ட குரலைத் திருப்பித் தருவதால்தான் மலை சிலம்பு ஆயிற்று என்பது என் துணிபு. நீங்கள் கேட்ட எதிரொலி இதற்குள்ளேயே இருக்கிறது. மரச்சிலம்பு.

மட்டக்களப்பு:
கண்ணகி மரக்கட்டையில் சிலம்பு செய்து போட்டவ என்று பிள்ளைகள் நினைக்கப்போகுதுகள்.

குடந்தை:
சரி, சிலம்பு வேண்டாம். சிலம்பி?

சிங்கப்பூர்:
சிலம்பி என்றால் சிலந்தி, ஐயா. நீங்கள்தான் போன வருடம் இந்தக் குழுவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

பேசாமல் கொதமா என்றே விட்டுவிடலாம். 1958இல் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே விட்ட விரைவு ரயிலுக்கு இதே பெயர்தான். ஒரே நாளில் போய்த் திரும்பலாம், எதிரொலி மாதிரி. 1964இல் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் வந்தபோது எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டிக்கு அந்தப் பெயர் போயிற்று. ஒரே சொல் மரத்திலும் தண்டவாளத்திலும் இருப்பதை எந்தத் தமிழ்ச் சொல்லால் காட்டுவீர்கள்?

மட்டக்களப்பு:
கொதமாவா, கொடமாவா? 'கொதமா' என்றால் கௌதம புத்தரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கு.

சிங்கப்பூர்:
த தான். அங்கே ஆவிக்குத் 'தமா' என்று பேர். 'கொ'வுக்குப் பின்னால் வரும்போது அது மெலிந்துவிடும். நாமும் இரண்டு உயிருக்கு நடுவில் தகரத்தை அப்படித்தானே சொல்கிறோம்? அவர்கள் வேறு எழுத்துக் குறி போட்டுக் காட்டுவது நமக்கு வாயிலேயே வருகிறது.

குடந்தை:
அருமை. அந்தக் 'கொ' என்ன என்று யாரும் கேட்கவில்லையே! தனியாக வந்தால் 'கி', கூட்டுச்சொல்லில் 'கொ', இரண்டும் மரம். மரநிழலுக்குக் 'கொகாகெ' என்கிறார்கள். நம்மிடம் சோலைக்குக் 'கா' இருக்கிறது. கொம்பு, கொப்பு, கொழுந்து எல்லாம் மரத்தைச் சேர்ந்தவை. பேராசிரியர் ஓனோ சுசுமு அன்றைக்கே...

மட்டுறுத்துநர்:
ஐயா, ஓனோ வேண்டாம். தமிழ்–ஜப்பானிய உறவைப் பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை என்பதைப் போன தடவை இரண்டு வாரம் பேசிவிட்டோம். கோவை அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கெடு.

கோவை:
நன்றி. ஓவியர் வேறு படத்தின் கீழே மூன்று நான்கு எழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்கிறார். 'கொதமா' சரியாக மூன்று. முதல் பக்கத்தில் மட்டும் 'முதிய மரத்தில் வாழும் அணங்கு. நம் குரலை நமக்கே திருப்பித் தருவது' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். அணங்கு உங்களுக்காக, ஐயா.

மட்டக்களப்பு:
எனக்குச் சம்மதம். முழுச் சம்மதம் இல்லை, களைச்சுப் போனேன்.

சிங்கப்பூர்:
எனக்கும்.

குடந்தை:
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பெயரை அப்படியே ஏற்றிவிட்டுக் கீழே பொருள் எழுதுவதற்குக் கலைச்சொல்லாக்கம் என்று பேர் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சிலம்பைக் கைவிட்டது தவறு. இன்னும் பத்து வருடம் கழித்து வந்து கேட்பீர்கள்.

கோவை:
ஐயோ, அடுத்த பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறேன். ஒகினாவாவில் 'கிஜிமுனா' என்று ஒன்று. செம்பட்டை முடி, மீனின் கண்ணை விரும்பித் தின்னும், ஆக்டோபசைக் கண்டால் ஆகாது. ஆல இனத்து மரத்தில் குடியிருக்கும். இதை என்ன செய்வது?

குடந்தை:
ஆலமரத்தில் குடியிருக்கும் கிஜி-முனாவா? அம்மா, அதில் முனி இருக்கிறாரே, கவனித்தீர்களா? 'ஜ' இல்லாமல் எழுதுவது பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.