அடிக்கட்டு, காதுக்கட்டு, தட்டுக்கட்டு: கேமரா வாருக்கான சொற்கள் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

முக்காலியில் பொருத்துவதற்கான துளையை அடைக்காமல் கேமராவில் தோள்வாரை மாட்டும் ஏற்பாட்டிற்கு என்ன பெயரிடலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த விடைகளில் பல ‘முக்காலித்தடையற்ற வாரிணைப்பு’ என்ற அச்சிலேயே அமைந்துள்ளன. இலக்கணப்படி அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலூரில் திருமணப் படப்பிடிப்புக்குச் செல்லும் ஒருவர் தம் உதவியாளரிடம் இச்சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் மணமக்கள் மாலை மாற்றி முடித்திருப்பார்கள். எது தடைபடவில்லை என்பதைப் பெயரில் ஏற்றும்போதுதான் சொல் இப்படி நீள்கிறது. வார் எங்கே கட்டப்படுகிறது என்பதை மட்டும் சொன்னால் போதும் என்பது என் கருத்து. அதற்கு முன், பொருளைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

கேமராவின் அடியில் இருக்கும் துளை கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரிகளும் கொண்டது. கனமான கருவிகளில் 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 புரிகளும் கொண்ட துளையும் இருப்பதுண்டு. ஐ.எஸ்.ஓ. 1222 என்ற பன்னாட்டுத் தரம் இவற்றை வரையறுத்திருப்பதால் எந்த நிறுவனத்தின் கேமராவும் எந்த முக்காலியிலும் ஏறுகிறது. எல்லாக் கேமராக்களுக்கும் பொதுவான துளை இது என்பதனாலேயே, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு இறங்கும் வகை வார்களைச் செய்பவர்களும் தங்கள் மரையாணியை இதில்தான் முறுக்கும்படி அமைத்தார்கள். ஆகவே துளை ஒன்று, உரிமை கோருபவர் இருவர் என்ற நிலை வந்துவிட்டது. இந்த நிலையில் அதை ‘முக்காலித்துளை’ என்று அழைத்தால் வாரைத் திருகியிருக்கும் நேரத்திலும் அது முக்காலிக்கே உரியதுபோல் தோன்றும் என்பதால், அடியில் உள்ள மரை என்ற பொருளில் ‘அடிமரை’ என்று வைத்துக்கொள்ளலாம். மரையாணி என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் இதில் புதிதாகக் கற்க வேண்டியது எதுவும் இல்லை. (ஆளைப் பார்த்து ‘மரை கழன்றவன்’ என்று சொல்லும் ஊர்வழக்கை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், கேமராவின் மரை கழல்வது சிரிப்புக்குரிய செய்தியன்று.)

வாரின் பெயரில்தான் எதிர்பாராத சிக்கல் இருக்கிறது. இவ்வகை வாரின் தனிப்பண்பு, வார் தோளிலேயே நிற்க, கேமரா மட்டும் அதன் மேல் வழுக்கிக் கண்ணுக்கு ஏறுவதாகும். அதைச் சுட்ட எண்ணி ‘ஓடுவார்’, ‘தொங்குவார்’, ‘சறுக்குவார்’ என்றெல்லாம் பரிந்துரைத்தவர்கள் அவற்றை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். யாரோ ஒரு பெரியவர் ஓடப்போகிறார், தொங்கப்போகிறார் என்றுதான் காதில் விழுகிறது. ‘குறுக்குவார்’ என்றாலும் அவர் எதையோ சுருக்கப்போகிறார். வினையடியோடு வாரைச் சேர்த்தால் இந்த விபத்து நேர்ந்தே தீரும். பெயர்ச்சொல்லோடு சேர்த்தால் நேராது. எனவே கழுத்தில் மாட்டுவது ‘கழுத்துவார்’, குறுக்காக அணிவது ‘குறுக்குத் தோள்வார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பூணூலை வைத்துப் பெயரிடும் யோசனை எனக்கு உவப்பில்லை. அணியும் முறை ஒத்திருக்கிறது என்பதற்காக ஒரு கருவிக்குச் சாதி அடையாளத்தை ஏற்றத் தேவையில்லை.

வார் என்பது தோலால் ஆனதற்கே பொருந்தும், இன்றைய வார்கள் நைலானில் நெய்யப்படுபவை, ஆகவே ‘நாடா’ என்பதே சரி என்றும் ஒரு வாதம் வந்துள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல்தொழில் ஊன்றிய ஊர்களுக்கு நடுவே வாழும் நமக்கு வார் என்றதும் தோல் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனாலும் ரப்பர் செருப்பில் அறுவதையும் நாம் வார் என்றே சொல்கிறோம். நாடா என்றால் பாவாடை நாடாவும் காலணி நாடாவும் முன்னே வந்து நிற்கின்றன. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியை அதில் தொங்கவிட யாருக்கும் மனம் வராது.

இனி மாட்டும் முறைகள். வாரின் மரையாணியை அடிமரையிலேயே நேராக முறுக்குவதை ‘அடிக்கட்டு’ என்று சொல்லலாம். கேமரா தலைகீழாக இடுப்போரம் தொங்கும், கைக்கு உடனே வரும். ஆனால் நடக்க நடக்க அது ஆடித் திரும்புவதால் ஆணி இளகக்கூடும், முக்காலியில் ஏற்றுமுன் ஒவ்வொரு முறையும் ஆணியைக் கழற்றியாக வேண்டும்.

கேமராவின் இருபுறமும் உள்ள கண்ணிகளைக் ‘காது’ என்று அழைத்து, வாரை அவற்றில் மாட்டுவதைக் ‘காதுக்கட்டு’ எனலாம். அடிமரை முழுவதும் விடுபட்டிருக்க இதுவே எளிய வழி. கேமரா பக்கவாட்டில் சாய்ந்து தொங்குவதும், முக்காலியில் நிற்கும்போது வார் காற்றில் ஆடி அதிர்வைத் தருவதும் இதன் குறைகள். காதில் சிறு வட்டுகளை நிரந்தரமாகக் கட்டிவைத்து, வாரை மட்டும் வேண்டும்போது கழற்றும் வகைகளில் இரண்டாவது குறை நீங்கிவிடுகிறது.

மூன்றாவது முறைதான் உண்மையில் இந்த விவாதத்தைக் கிளப்பியது. முக்காலித் தலையில் பொருந்தும் தட்டு ஒன்றை, அதாவது பிளேட்டை, அடிமரையில் முறுக்கி அங்கேயே விட்டுவிடுகிறோம். ஆர்க்கா-சுவிஸ் என்ற நிறுவனத்தின் பெயரால் வழங்கும் வகை என்றால் அந்தப் பிளேட்டின் இரு விளிம்புகளும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். சுமார் 38 மி.மீ. அகலமுள்ள அந்தப் பிளேட்டின் சரிவுகளை முக்காலித் தலையின் கவ்வி இறுகப் பிடிக்கும். வார், கவ்வியின் வழியில் குறுக்கிடாமல், பிளேட்டின் ஓரத்தில் உள்ள துளையிலோ குழியிலோ மாட்டிக்கொள்ளும். இதற்குத் ‘தட்டுக்கட்டு’ என்ற பெயர் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில பிளேட்டுகளில் மையத்து ஆணியின் தலையிலேயே மடக்கு வளையம் இருக்கும், வாரை அதில் மாட்டினால் இழுவை முழுவதும் மீண்டும் அந்த ஆணியின் மேலேயே விழுவதால், பார்வைக்குத் தட்டுக்கட்டாக இருந்தாலும் இளகும் குணத்தில் அது அடிக்கட்டின் உறவுதான். ஓரத்தில் மாட்டும்போதும் நெம்புவிசை உண்டு என்பதால் ஆணியை அவ்வப்போது இறுக்கிப் பார்ப்பது தவிராது. பிளேட் அகலமாக இருந்தால் பேட்டரி மூடியைத் திறக்க விடாது என்பது தனிக் கதை. பெரிய லென்சுகளை முக்காலியில் ஏற்றுவதற்காக அவற்றைச் சுற்றியுள்ள பட்டையில் இருக்கும் பாதத்திற்கும் இதே பெயர்கள் செல்லும்.

‘கட்டு’ என்பதற்கு மாற்றாக ‘மாட்டி’ என்று முன்மொழிந்தவருக்கு: அடிமாட்டி என்று எழுதிய உடனே அடிமாட்டுச் சந்தை வந்துவிடுகிறது, வேலூரை அடுத்த பொய்கை மாட்டுச் சந்தைப் பக்கம் போய்வருபவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். காதுக்கட்டு கூகைக்கட்டை நினைவூட்டுகிறது என்று வேறொருவர் சொல்லக்கூடும். நினைவூட்டினாலும் கேமராவுக்குக் கன்னம் வீங்குவதில்லை என்பதால் குழப்பம் நேராது.

சொற்கள் வாக்கியத்தில் உட்காருகின்றனவா என்று பார்ப்போம். ‘காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவக் காரணமாக இருந்த ஜவ்வாது மலையின் இருண்ட வானத்தை 20 மி.மீ. லென்சில் எடுக்க விரும்பினால், நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் இருக்க ஏறத்தாழ 25 விநாடிக்குள் படப்பதிவை முடிக்க வேண்டும். அவ்வளவு நேரம் கேமராவைக் கையில் அசையாமல் பிடிக்க இயலாது. ஆகவே மலையேறும்போது தோளிலும், ஏறியபின் முக்காலியிலும் கேமரா இருக்கத் தட்டுக்கட்டு ஏற்றது, அடிக்கட்டானால் இருட்டில் மரையாணியைத் தடவிக் கழற்ற நேரும்.’ இந்த இடத்தில் ‘முக்காலித்தடையற்ற வாரிணைப்பு’ என்று மாற்றி எழுதிப் படித்துப் பாருங்கள்.

இரண்டு சொற்கள் மட்டும் பாக்கி இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் சிறு குண்டுகள் பின்வாங்கிக் கழன்றுவரும் ஆணியும், அது நுழையும் குழியும் துப்பாக்கி வார்களிலிருந்து கேமராவுக்கு வந்தவை. ஆணிக்கு ‘அழுத்தாணி’ என்றும் குழிக்கு ‘ஆணிக்குழி’ என்றும் தற்காலிகமாக எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமானது பட்டறைகளில் வழங்குமானால் தெரிவியுங்கள், அதையே பட்டியலில் சேர்க்கலாம்.