பாதியெடுப்பு: ‘மெண்டலியன் சாம்ப்ளிங்’ என்பதற்கு ஒரு சொல்

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்களின் மரபணுக்களில் ஒரு பாதி தற்செயலாக வந்து சேர்வதை ஆங்கிலத்தில் ‘மெண்டலியன் சாம்ப்ளிங்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். கோவை அண்ணன் ‘மெண்டல் மாதிரியெடுப்பு’ என்றார். யாழ்ப்பாணத்து ஐயா ‘மரபுப் பாகம்’ என்றார். பினாங்குத் தங்கை ‘மரபுக் குலுக்கல்’ என்றும், தஞ்சைப் பேராசிரியர் ‘குடவோலை’ என்றும் எழுதியிருந்தார்கள். நான்கையும் வைத்துக்கொண்டு யோசித்தேன், எதிலும் மனம் ஒட்டவில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிட்டு ஐந்தாவதாக ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து. பெரிய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அறிவியலையும் தமிழில் சொல்லித் தருகிறேன். அங்கே அக்காவும் தங்கையுமாக இருவர் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். அக்காவுக்குக் கோரைமுடி. எண்ணெய் வைத்துச் சீவினால் இடுப்புவரை வளைவில்லாமல் இறங்கும். தங்கைக்குச் சுருட்டை. ரிப்பன் கட்டிய இடத்துக்குக் கீழே கொத்தாகப் புடைத்து நிற்கும். ஈரத்தில் தோளைத் தொடுவது காய்ந்ததும் காதுவரை ஏறிவிடும். நிறத்திலும் இருவருக்கும் நல்ல வித்தியாசம். மரபியல் பாடம் நடந்த அன்று தங்கைதான் கேட்டாள்: “டீச்சர், ஒரே அம்மா, ஒரே அப்பா. அப்புறம் ஏன் கல்யாண வீட்டிலே எல்லாரும் அக்காவை மட்டும் அம்மாவை உரிச்சு வெச்சிருக்கான்னு சொல்றாங்க, என்னை யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்கிறாங்க?”

விடை பாடத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்ல ஒற்றைச் சொல்தான் இல்லை. தமிழ்ப் பாடநூலில் ‘தனித்துப் பிரிதல்’ இருக்கிறது, ‘சார்பின்றி ஒதுங்குதல்’ இருக்கிறது, ‘குறுக்கேற்றம்’ இருக்கிறது. மூன்றும் செல்லுக்குள் நடக்கும் வேலைகள். அவை எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு பிள்ளைக்கு என்ன செய்கின்றன? தாயிடம் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு படிகள் (நகல்கள்) உண்டு, அவற்றில் ஒன்று பிள்ளைக்கு வருகிறது. தந்தையிடமிருந்தும் அப்படியே. எது வரும் என்பது தற்செயல். அடுத்த பிள்ளைக்கு எல்லாம் முதலிலிருந்து மறுபடி நடக்கும். இந்த நிகழ்வுக்குத்தான் பெயர் கேட்கிறேன். கால்நடை இனவிருத்திக்காரர்கள் இதை அன்றாடம் புழங்குகிறார்கள். ஒரு கன்று தன் தாய் தந்தையின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை இந்தத் தலைப்பில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

எவ்வளவு பெரிய விஷயம் இது என்பதற்குச் சில எண்கள். மனிதருக்கு 23 இணைக் குரோமோசோம்கள். அவற்றை முழுசு முழுசாக வைத்துக் கணக்கிட்டாலே ஒரு தாய் 83,88,608 விதமான பாதிகளைக் கொடுக்க முடியும். தந்தையும் அவ்வளவே. பெருக்கினால் சுமார் 70 லட்சம் கோடி. இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றத்தையும் சேர்த்தால் எல்லை இன்னும் எங்கேயோ போகும். உடன்பிறந்தவர்கள் பாதி மரபைப் பகிர்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அது சராசரிதான். ஆயிரக்கணக்கான உடன்பிறப்பு ஜோடிகளை அளந்து 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்தப் பங்கு ஏறக்குறைய 37 விழுக்காட்டிலிருந்து 62 விழுக்காடு வரை இருந்தது. இன்னொன்று. தோற்றம் பாராமல் மணம் செய்துகொள்ளும் ஒரு கூட்டத்தில், மரபணுக்களின் சிறு சிறு பங்குகள் கூட்டிச் சேரும் வகை மரபு வேறுபாட்டில் பாதிதான் குடும்பத்துக்குக் குடும்பம் இருப்பது. மறுபாதி ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளேயே கிடக்கிறது. 1918இல் ரொனால்ட் ஃபிஷர் எழுதிய கட்டுரைதான் இந்தக் கணக்குக்கு அடித்தளம்.

முடிக்கு வருகிறேன். முடி சுருள்வது முதலில் அதன் வேர்ப்பையின் வடிவத்தால். பை நேராக இருந்தால் முடி நேராக வரும், பை வளைந்திருந்தால் வளைந்து வரும். இதை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை, பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. வகுப்பில் கரும்பலகையில் இப்படிப் போட்டுக் காட்டினேன். கணக்கு எளிதாக இருக்க, சுருளுக்குப் பத்து இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பா இருவருக்கும் அலைமுடி. ஒவ்வொருவரிடமும் பத்து இடத்திலும் சுருள் படி ஒன்று, நேர் படி ஒன்று. பிள்ளைக்கு வரக்கூடிய சுருள் படிகள் பூஜ்யத்திலிருந்து இருபதுவரை எதுவாகவும் இருக்கலாம். 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 88 பேருக்கு ஏழிலிருந்து பதின்மூன்றுக்குள் வரும், பெற்றோரைப் போலவே அலைமுடி. மீதி 12 பேர் அந்த எல்லையைத் தாண்டிக் கோரைமுடிப் பக்கமோ சுருட்டைப் பக்கமோ போய்விடுவார்கள். பெற்றோர் இருவரிடமும் இல்லாத முடி பிள்ளைக்கு வரும். அதற்கு வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

நிறத்துக்கு இன்னும் நேரடியான சான்று உண்டு. எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவின் ஒரு வடிவம் தோலை வெளிறச் செய்யும். ஸீப்ரா மீனை ஆராய்ந்தபோது 2005இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. தெற்காசியாவில் இந்த மரபணுவின் இரு வடிவங்களும் பரவலாகப் புழங்குகின்றன. கணவன் மனைவி இருவரும் இரண்டையும் ஒவ்வொன்று வைத்திருந்தால், நான்கில் ஒரு வாய்ப்பு பிள்ளைக்கு இரண்டும் வெளிறிய படியாக அமையும், நான்கில் ஒரு வாய்ப்பு ஒன்றுகூட அமையாது. ஒரே வீட்டில் கறுப்பும் மாநிறமும் வர இது ஒன்றே போதும். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் “ஆஸ்பத்திரியில் மாறிப்போச்சா” என்று பிள்ளையின் காதுபடப் பேசுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் சொற்கள்.

> மெண்டல் மாதிரியெடுப்பு: புள்ளியியலில் ஏற்கெனவே உள்ள சொல், மாணவருக்குப் பழக்கமானது.

அண்ணா, புள்ளியியலுக்கு அது சரி. இங்கே வேண்டாம் என்கிறேன். “அம்மா மாதிரி இருக்கிறாள்” என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். பேச்சுத் தமிழில் மாதிரி என்றாலே போல என்றுதான் பொருள். பிள்ளைகள் ஏன் ஒருவரைப் போல் ஒருவர் இல்லை என்பதை விளக்கும் சொல்லுக்குள் ‘போல’ உட்கார்ந்திருந்தால் மாணவர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “பெற்றோர் மாதிரியை எடுத்துக்கொள்வது” என்றே இரண்டு பேர் எழுதினார்கள்.

> மரபுப் பாகம்: சொத்து போல, பெற்றோரிடமிருந்து வருவது.

ஐயா, சொல் அழகு. ஆனால் பாகம் பிரித்தால் அண்ணனுக்குப் போன வயல் தம்பிக்கு இல்லை. மரபில் அப்படி இல்லை. அக்காவுக்கு வந்த அதே படி தங்கைக்கும் வரலாம், மூன்றாவதுக்கும் வரலாம். அல்லது மூவருக்குமே வராமல் போகலாம். “அக்கா நல்லதை எல்லாம் எடுத்துக்கிட்டா” என்ற பேச்சுக்கு அறிவியலே ஒப்புதல் கொடுத்தது போல் ஆகிவிடும்.

> குடவோலை: உத்திரமேரூர் இருக்கும்போது வேறு எங்கே போக வேண்டும்?

முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, முப்பது குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), ஊர் வாரியங்களுக்கு (நிர்வாகக் குழுக்களுக்கு) ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பது. தற்செயலுக்கு நம்மிடம் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை, பேராசிரியர் சொன்னதை மனதார ஏற்கிறேன். பாடத்தில் விளக்கமாக வைக்கலாம். கலைச்சொல்லாக வைத்தால் ஒரு சிக்கல். சென்ற மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவரின் பெயர் குடத்தில் இடக்கூடாது என்பது அங்கே விதி. இங்கே அந்தத் தடை கிடையாது. மூத்த பிள்ளைக்குப் போனது இளைய பிள்ளைக்கும் அதே வாய்ப்போடு காத்திருக்கிறது.

> மரபுக் குலுக்கல்: எல்லோருக்கும் உடனே புரியும்.

தங்கச்சி, புரியும் என்பது உண்மை. என் தயக்கம் வேறு இடத்தில். குலுக்கல் என்றால் பரிசு. பரிசு என்றால் விழுந்தவள், விழாதவள். முடியையும் நிறத்தையும் வைத்து நல்லது கெட்டது சொல்லும் பழக்கம் தென்னாப்பிரிக்காவில் வீட்டோடு நிற்கவில்லை, அரசாங்கமே அதைச் சட்டமாக வைத்திருந்தது. 1950இன் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப் பெட்டியில் போட்டது. 1991இல்தான் நீக்கப்பட்டது. ஐயம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். பென்சில் நழுவி விழுந்தால் ஒரு முடிவு, முடிக்குள் நின்றால் வேறு முடிவு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு இனமாகப் பதிவான வீடுகள் உண்டு. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் எல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தது.

சாண்ட்ரா லைங் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1955இல் பிறந்தவர். தாய் தந்தை இருவரும் வெள்ளையர் என்று பதிவானவர்கள். மகளுக்கு மட்டும் நிறம் கூடுதல், முடி இறுக்கமான சுருள். பியெட் ரெட்டீஃப் ஊரில் விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பத்து வயதில் போலீஸ் வந்து வெளியே அழைத்துப் போனது. 1966இல் ‘கலர்ட்’ (கலப்பினத்தவர்) என்று மாற்றினார்கள். தந்தை வழக்காடினார். 1967இல் பிறப்பு வழியைப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தி மறுபடி ‘வெள்ளையர்’ ஆக்கினார்கள். அதற்குள் அந்தப் பிள்ளையின் பள்ளி வாழ்க்கை சிதைந்துவிட்டது. ஒரு மகள் பெற்றோரிடமிருந்து விலகித் தோன்றலாம் என்பது அந்த அதிகாரிகளின் படிவத்தில் இடம்பெறவே இல்லை. இந்த நாட்டில் இதற்குச் சொல் ஆக்கும்போது அதில் வெற்றி தோல்வி வாடைகூட வரக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, என் முன்மொழிவு: பாதியெடுப்பு. முழுப்பெயர் வேண்டும் இடத்தில் ‘சமவாய்ப்புப் பாதியெடுப்பு’. ‘சமவாய்ப்பு’ தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கிலேயே இருக்கிறது, புதிதாகக் கற்க வேண்டாம். இரண்டு படிகளில் எதற்கும் முன்னுரிமை இல்லை என்பதை அதுவே சொல்லிவிடும். பாதி என்பது அளவு. எடுப்பு என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் நடக்கும் செயல். யாரும் யாருடையதையும் பறிப்பதாக அதில் இல்லை.

கிளைச்சொற்கள் வருகின்றனவா என்று பார்த்தேன். பெற்றோர் சராசரியிலிருந்து பிள்ளை விலகும் அளவு ‘பாதியெடுப்பு விலக்கம்’. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள் காணும் பரவல் ‘பாதியெடுப்பு மாறுபாடு’. வாக்கியத்திலும் நிற்கிறது: “ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குப் பாதியெடுப்பு ஒன்றே, இருகரு இரட்டையருக்குத் தனித்தனிப் பாதியெடுப்பு.” இந்த ஒரு வரியைச் சொன்னதும் வகுப்பில் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

பயிருக்கும் பொருந்துகிறது. நம் முன்னோர் இங்கே வந்தது கரும்புக்காக, 1860இலிருந்து. பின்னாளில் கோயம்புத்தூரில் கோ 421, கோ 312 என்ற இரு கரும்புகளைக் கலந்து எடுத்த விதை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தது. இங்கே முளைத்த நாற்றுகளில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்பு நிலைய ஆய்வாளர்கள் பொறுக்கியெடுத்தவைதான் என்கோ 310, என்கோ 376. பெயரில் உள்ள ‘என்’ நேட்டால், ‘கோ’ கோயம்புத்தூர். 310 கடல் கடந்து பல நாடுகளுக்குப் போனது, 376 நேட்டால் வயல்களில் நெடுங்காலம் நின்றது. இரண்டும் ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள். கரும்பின் குரோமோசோம் கணக்கு மனிதருடையதைவிடச் சிக்கலானது, ஆனாலும் நாற்றுக்கு நாற்று வேறுபட்டதால்தான் பொறுக்குவதற்கே வழி இருந்தது. “இந்த இரு நாற்றுகளின் பாதியெடுப்பு வேறு” என்று எழுதினால் உழவருக்கும் புரியும்.

எதிர்ப்பு எங்கே வரும் என்றும் நினைத்துப் பார்த்தேன். ‘எடுப்பான தோற்றம்’ என்பதில் உள்ள எடுப்பு குறுக்கே வருமே என்று ஐயா கேட்கலாம். ‘பாதி’ முன்னால் ஒட்டி நிற்கும்போது அந்தப் பொருள் எழவில்லை என்பது என் காதுக்குப் படுகிறது. யாழ்ப்பாண வழக்கில் வேறு விதமாக ஒலித்தால் சொல்லுங்கள். ‘பாதித்தெரிவு’ என்று மாற்றலாமா என்றால், தெரிவு ஏற்கெனவே ‘இயற்கைத் தெரிவு’க்குப் போய்விட்டது. இங்கே யாரும் எதையும் தெரிந்தெடுக்கவில்லை என்பதுதான் விஷயமே.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லட்டும். உடன்பிறந்தவர்களுக்குள் காணும் எல்லா வேறுபாட்டையும் இந்தச் சொல்லின் தலையில் கட்டக்கூடாது. குழந்தையில் நேராக இருந்த முடி பருவ வயதில் சுருள்வது உண்டு, மொட்டை போட்டதால் மாறியது என்று வீட்டில் சொல்வார்கள். மொட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை, கத்தி வேர்ப்பை வரை போவதில்லை. வயதோடு ஹார்மோன் மாறும், வேர்ப்பையும் மாறும். வெயில், சாப்பாடு, நோய் எல்லாம் தோற்றத்தில் கை வைக்கும். எனவே சொற்பட்டியலில் விளக்கம் இப்படி இருக்கட்டும்: “பாதியெடுப்பு – பெற்றோர் ஒவ்வொருவரின் மரபணுப் படிகளிலும் பாதி, சமவாய்ப்பு முறையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக வந்து சேர்தல். உடன்பிறந்தோரிடையே உள்ள மரபு வேறுபாட்டுக்குக் காரணம்.”

அடுத்த பருவத்துப் பாடத்தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் மறுப்போ திருத்தமோ இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். ‘விலக்கம்’, ‘மாறுபாடு’ இரண்டும் புள்ளியியல் பாடநூலோடு ஒத்துப்போகின்றனவா என்று கோவை அண்ணன் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது.

அன்புடன்,
டர்பனிலிருந்து