அரிட்டாபட்டி மலையில் பார்த்ததும் கேட்டதும்

மதுரையைச் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் அழகர்கோவில், திருப்பரங்குன்றம், யானைமலை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மேலூர் ரோட்டில் நரசிங்கம்பட்டிப் பக்கம் உள்ளே திரும்பினால் ஏழு மலைகளுக்கு நடுவே இருக்கும் அரிட்டாபட்டியையும் இனி சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் போக வேண்டியது கழிஞ்சமலையில் இருக்கும் சமணர் குகைக்கு. ஏறுகிற வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "செருப்பக் கழட்டிட்டுப் போங்க தம்பி, சாமி இருக்கு" என்றார். பிறகு அவரே கூட வந்தார். குகையின் நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வடியாதபடி பாறையை வெட்டி விளிம்பு இறக்கியிருக்கிறார்கள். அதையொட்டித்தான் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழியில் (தமிழ் பிராமி) ஒரு கல்வெட்டு. வெயில் சாய்வாக விழும்போதுதான் கண்ணுக்குப் பிடிபடுகிறது. 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் துறவிகளுக்காகக் குகையை அமைத்துக்கொடுத்த செய்தி.

பக்கத்திலேயே மூன்றடுக்குக் குடைக்குக் கீழே சமணத் தீர்த்தங்கரரான மகாவீரரின் சிற்பம். சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டிய தடம் இன்னும் ஒட்டியிருக்கிறது. அடியில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு, இது சமணத் துறவி அச்சணந்தி செய்வித்த திருமேனி என்றும், இதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி ஊராருடையது என்றும் சொல்கிறது. எனக்கு இந்த மலையிலேயே மனதுக்கு நெருக்கமான வரி அதுதான். காக்கும் அந்தப் பொறுப்பை இந்தக் காலத்து மக்களும் விடவில்லை. மேலூர் வட்டாரம் முழுக்க கிரானைட் குவாரிகள் பெருகிய காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் மலையை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததும் 2025 ஜனவரியில் சுற்றுவட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் நிலையம் வரை நடந்தே போனார்கள். அதே மாதம் ஏலம் ரத்தானது. "நாங்க குடிக்கிற தண்ணி இந்த மலைதான் தம்பி, இத எப்படிக் கொடுக்க?" என்று பெரியவர் கேட்டார். மலையில் ஊறும் சுனைகளும் கீழே கிடக்கும் கண்மாய்களும்தான் அங்கே வெள்ளாமைக்கு ஆதாரம்.

மலையின் இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், 7-8ஆம் நூற்றாண்டு. லிங்கமும் அதே பாறையில் குடைந்ததுதான். சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் இலகுலீசர் தண்டோடு உட்கார்ந்திருக்கிறார், தவறவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அபூர்வமாகத்தான் இந்தச் சிற்பத்தைப் பார்க்க முடியும்.

பறவை பார்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு என்ற மூன்று வேட்டைப் பறவைகளும் இங்கே உண்டு. மொத்தம் 250 வகைப் பறவைகள் வரை பதிவாகியிருக்கின்றன. பாறை முகட்டில் எச்சம் வடிந்த வெள்ளைக்கோடுகளைக் காட்டி, "அங்கதான் உக்காரும்" என்றார் பெரியவர். கொஞ்ச நேரத்தில் ஒரு வல்லூறு செங்குத்தாக இறங்கி, கண்மாய்க்கு மேலே திரும்பிப் போனது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து ஊரான மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்காதீர்கள், எழுத்து சிதைந்துவிடும். ஊருக்குள் யாரிடமாவது கேட்டுவிட்டு ஏறுங்கள். வழி காட்ட ஆள் கிடைக்கும்.