‘டெசிமேட்’ என்பது பத்தில் ஒன்றா, பெரும்பகுதியா?

ஏட்டுச்சுவடி:
ஆங்கிலச் செய்திகளில் ‘டெசிமேட்’ என்ற வினைச்சொல் படும் பாட்டைக் கண்டே இந்த இழையைத் தொடங்குகிறேன். நோய் ஒரு பறவையினத்தில் எண்பது விழுக்காட்டை டெசிமேட் செய்தது என்கிறார்கள். புயல் கட்டடத்தையே டெசிமேட் செய்தது என்கிறார்கள். இலத்தீனில் ‘டெகெம்’ என்றால் பத்து, ‘டெகிமுஸ்’ என்றால் பத்தாவது. அவற்றிலிருந்து வந்த ‘டெகிமாரே’ என்ற வினையே இதன் மூலம். கோழைத்தனம் காட்டிய அல்லது கலகம் செய்த படைப்பிரிவில் சீட்டுப் போட்டுப் பத்துப் பேருக்கு ஒருவரைப் பிரித்தெடுத்து, உடனிருந்த வீரர்களைக் கொண்டே அடித்துக் கொல்லச் செய்த ரோமானியத் தண்டனையை அது குறித்தது. பத்தில் ஒன்று என்று தெளிவாகச் சொல்லும் சொல்லைப் பத்தில் எட்டுக்குப் பயன்படுத்துவது பிழை என்பதே என் நிலை.

வழக்கறிவோன்:
ஐயா, வேர்ச்சொல்லின் பொருள்தான் சொல்லின் பொருள் என்றால், ‘செப்டெம்’ என்ற ஏழிலிருந்து பிறந்த செப்டம்பரை ஒன்பதாம் மாதமாக எண்ணுவதை முதலில் நிறுத்த வேண்டும். தேர்தலில் நிற்பவரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’, ரோமில் வெண்ணிற ஆடை உடுத்தி வாக்குக் கேட்டவர்களிடமிருந்து வந்த சொல். இன்று கறுப்புச் சட்டை அணிந்தவரும் கேண்டிடேட்தான். ‘பேரழிவை உண்டாக்குதல்’ என்ற விரிந்த பொருளில் டெசிமேட் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. அதைப் பிழை என்று அமெரிக்க விமர்சகர் ரிச்சர்ட் கிராண்ட் வைட் கண்டித்தது 1870இல்தான். வழக்கு முந்தியது, விதி பிந்தியது.

ஏட்டுச்சுவடி:
மாதப் பெயர்கள் வெறும் பெயர்கள். அவற்றைச் சொல்வதால் யாரும் எண்ணிக்கை எதையும் உறுதிகூறுவதில்லை. கேண்டிடேட்டில் வெண்மை முற்றிலும் மறைந்துவிட்டது. டெசிமேட்டோ பதின்ம எண்முறையைக் குறிக்கும் ‘டெசிமல்’ என்ற சொல்லுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறது. படிப்பவர் கண்ணுக்குப் பத்து இன்னும் தெரிகிறது. தெரியும்போதே அதை மறுத்து எழுதுவதுதான் உறுத்துகிறது.

படைவரலாற்று வாசகர்:
தண்டனையைப் பற்றிச் சில விவரங்களைச் சேர்க்கிறேன். பொலிபியுஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் தரும் விளக்கத்தின்படி, சீட்டில் சில சமயம் ஐவர், சில சமயம் எண்மர், சில சமயம் இருபதுபேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குற்றவாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வருமாறு அந்த எண் அமைந்தது. தப்பியவர்களுக்குக் கோதுமைக்குப் பதிலாக வாற்கோதுமை அளந்து, பாசறை அரணுக்கு வெளியே கூடாரம் அடிக்கச் சொன்னார்கள். கி.மு. 71 வாக்கில், அடிமைகளின் கலகத்தை நடத்திய ஸ்பார்ட்டகஸை எதிர்த்த போரில் புறமுதுகிட்ட ஐந்நூறு பேரை ரோமானியத் தளபதி கிராஸுஸ் ஐம்பது குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஒருவரைக் கொன்றதாகப் புளுட்டார்க் எழுதுகிறார். இறந்தவர்கள் ஐம்பது பேர். நடுங்கியது முழுப் படையும். அந்த நடுக்கத்தை உண்டாக்குவதே தண்டனையின் நோக்கம் என்பதால், எண் உதிர்ந்து ‘பேரிழப்பு’ என்ற பொருள் நிலைத்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால், பத்தில் ஒன்பது பேரை உயிரோடு விட்டுவைத்த தண்டனை என்பதையும் மறக்கக் கூடாது.

வழக்கறிவோன்:
இலத்தீனிலும் அது கொலையை மட்டும் குறித்த சொல்லன்று. விவிலியத்தின் இலத்தீன் பெயர்ப்பில், மத்தேயு 23:23இல், புதினாவிலும் சதகுப்பையிலும் சீரகத்திலும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாக, கொடுப்பவர்களைப் பற்றிப் பேசுமிடத்தில் வருவது இதே டெகிமாரே. இங்கிலாந்தில் 1655இல் கிராம்வெல்லின் ஆட்சி அரசர் கட்சியினர்மீது விதித்த பத்து விழுக்காட்டு வரிக்கு ‘டெசிமேஷன்’ என்றே பெயர். ஆதிப்பொருளுக்குத் திரும்ப வேண்டும் என்பவர் சீட்டுப் போட்டுக் கொல்வதற்குத் திரும்புவதா, சீரகத்தில் பங்கு கொடுப்பதற்குத் திரும்புவதா என்று சொல்ல வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
நீங்கள் காட்டிய சான்றுகள் என் பக்கமே நிற்கின்றன, நண்பரே. கொலையிலும் பத்தில் ஒன்று, காணிக்கையிலும் பத்தில் ஒன்று, வரியிலும் பத்தில் ஒன்று. பயன்பாடு மாறியும் அளவு மாறவில்லை.

அலைவரிசை:
பொறியியலில் அளவும் மாறிவிட்டது. எண்முறைக் குறிகைச் செயலாக்கத்தில் (டிஜிட்டல் சிக்னல் பிராசசிங்), ஒலி போன்ற குறிகையை இடைவிடாது அளந்து பெறும் மாதிரிகளுள் (சாம்பிள்) சிலவற்றை நீக்கி, நொடிக்கு இத்தனை என்ற மாதிரி வீதத்தைக் குறைப்பதை டெசிமேஷன் என்கிறோம். இரண்டால் டெசிமேட் செய்தால் வீதம் பாதியாகும். நான்கால் செய்தால் காலாகும். பத்துக்கு அங்கே எந்தத் தனியிடமும் இல்லை. பொருளை மிகக் கறாராக வரையறுக்கும் துறையே பத்தைக் கைவிட்டிருக்க, செய்தியாளர்களை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்?

மெய்ப்புத் திருத்துநர்:
திருத்தும் வேலையில் நான் கைக்கொள்ளும் எல்லையைச் சொல்கிறேன். ‘கொள்ளைநோய் மக்களை டெசிமேட் செய்தது’ என்ற தொடரை விட்டுவிடுவேன். பலர் இறந்தனர், சிலர் எஞ்சினர் என்பது புரிகிறது. விழுக்காட்டை அருகில் வைத்தால் வெட்டுவேன், ஏனெனில் இரண்டு எண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ‘முழுவதுமாக டெசிமேட்’ என்பதையும் வெட்டுவேன். எதுவும் எஞ்சாத இடத்தில் அச்சொல்லுக்கு வேலையில்லை. ஒற்றைக் கட்டடம் இடிந்ததற்கும் அது பொருந்தாது, ஏனெனில் பலவற்றுள் ஒரு பங்கை எடுப்பது என்ற கருத்து அங்கே இல்லை.

வழக்கறிவோன்:
கட்டடத்தைப் பற்றிய உங்கள் தடை இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். மற்ற இரண்டும் ஏற்கத்தக்கவை.

ஏட்டுச்சுவடி:
அலைவரிசை அவர்களுக்கு ஒரு விடை: இரண்டால், நான்கால் என்று பொறியாளர் அளவைச் சேர்த்தே சொல்கிறார். செய்தியாளர் எந்த அளவும் சொல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் எறிந்துவிட்டுப் போகிறார். இழப்பு பத்தில் ஒன்றா, பாதியா, அதற்கும் மேலா என்பதைப் படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. திருத்துநர் விட்டுவைக்கும் அந்த முதல் தொடரையும் நான் திருப்பி அனுப்பி, எத்தனை பேர் இறந்தனர் என்று கேட்பேன்.