புதுப்பிப்பு: சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகள், 22ஆம் நாள்

முட்டை பொரிக்கும் இன்குபேட்டரில் 24 சிறுவிடை முட்டைகளை வைத்துவிட்டு, ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டவில்லையே என்று கேட்டிருந்தேன். அகலமான தட்டில் தண்ணீர் வைக்கச் சொன்னீர்கள், பலித்தது. தண்ணீரின் ஆழமல்ல, பரப்புதான் முக்கியம்.

ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்ததில் ஐந்து கூமுட்டைகள், எடுத்துவிட்டேன். மற்றவற்றில் சிலந்தி வலை போல ரத்த நாளங்கள், நடுவே துடிக்கும் ஒரு புள்ளி. 18ஆம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65க்கு மேல் ஏற்றினேன். வெப்பம் 37.5 டிகிரியிலேயே.

20ஆம் நாள் மாலை ஓட்டுக்குள்ளிருந்து கீச்சொலி! முதல் குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளையிட்டுவிட்டுப் பதினான்கு மணி நேரம் அப்படியே கிடந்தது. உதவலாமா என்று கை பரபரத்தது. மூடியைத் திறந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளவும் அதற்கு அந்த நேரம் வேண்டும். பொறுத்துக்கொண்டேன்.

இன்று காலை 16 குஞ்சுகள். ஒன்றின் உச்சந்தலையில் ஓட்டுத் துண்டு தொப்பி போல ஒட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு முட்டைகள் அசைகின்றன. அவற்றுக்காகத்தான் மூடி திறக்காமல் காத்திருக்கிறேன். குஞ்சுகளைக் கதகதப்பாக வைக்கப் பல்பு மாட்டிய அட்டைப்பெட்டி தயாராக இருக்கிறது.