வில் ரம்பம்: தள்ளினால் மடியுமா?

உளிமுனை:
முதல் ரம்பமாக எது வாங்கலாம் என்று நேற்று ஒருவர் கேட்டார். அதற்குத் தேக்குமனம், "வில் ரம்பத்தை இழுத்துத்தான் அறுக்க வேண்டும், தள்ளினால் பிளேடு மடியும்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நடுவில் ஒரு கட்டை, இரு பக்கமும் இரண்டு சட்டங்கள், மேலே கயிறு, கீழே பிளேடு. கயிற்றை முறுக்கினால் சட்டங்களின் மேல்முனைகள் நெருங்கும், கீழ்முனைகள் விலகும், பிளேடு விறைக்கும். விறைத்த பிளேடு எந்தப் பக்கம் போனாலும் மடியாது. சாதாரணக் கைரம்பத்தைவிட மெல்லிய தகடு இதற்குப் போதுமென்பதே அதனால்தான்.

தேக்குமனம்:
எழுதியது நான்தான், மாற்றப்போவதில்லை. கால் அங்குல பிளேடை மாட்டி, நாற்காலிக் காலின் வளைவைத் தள்ளி அறுத்துப் பாருங்கள். திருப்பத்தில் பிளேடு முறுகும், கோடு தப்பும். இழுத்தால் கோட்டிலேயே வரும்.

உளிமுனை:
நேற்று எழுதியது "மடியும்". இன்று "முறுகும்". எது ஐயா? முறுகுகிறது என்றால் இரண்டு கைப்பிடிகளும் ஒரே கோணத்தில் இல்லை. பிளேடின் முதுகை நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள், தெரிந்துவிடும். மடிகிறது என்றால் கயிறு தளர்ந்திருக்கிறது. இரண்டிலும் தள்ளுவதன் மேல் பழி இல்லை.

புதுக்கை:
மன்னிக்கவும், பலகையை நெடுக்காகப் பிளக்கும் அகல பிளேடைப் பற்றிப் பேசுகிறீர்களா, வளைவு அறுக்கும் குறுகிய பிளேடைப் பற்றியா? எதை வாங்குவது என்றே புரியவில்லை.

சீவுளி:
கயிறு என்றதும் கேட்கிறேன், நைலானா போட்டிருக்கிறீர்கள்? நைலான் இழுபடும். காலையில் முறுக்கினால் மதியம் தளர்ந்துவிடும். மெழுகு தேய்த்த லினன் நூலைப் பல சுற்றுச் சுற்றுங்கள். வேலை முடிந்ததும் முறுக்கை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் சட்டம் ஓயாமல் பாரம் தாங்கும்.

மரப்பொடி:
கயிறே வேண்டாம். திருகு வைத்த கம்பி போட்டால் வாழ்நாளுக்கும் கவலை இல்லை.

சீவுளி:
கம்பி போட்டால் மேல்பக்கம் கனக்கும். வளைவில் கை தள்ளாடும். ஒரு நாள் முழுக்க அறுத்தவர் இப்படிச் சொல்ல மாட்டார்.

மரப்பொடி:
நான் அறுத்திருக்கிறேன். உங்களிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமென்று தெரியாது.

உளிமுனை:
கயிறு, கம்பி எல்லாம் அப்புறம். கி.பி. 79இல் எரிமலையில் புதைந்த ரோமானிய நகரமான ஹெர்குலேனியத்தின் சுவரோவியத்திலேயே, வில் ரம்பத்தின் இனமான சட்ட ரம்பத்தால் பலகை அறுக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கும் கருவி. தள்ளினால் மடியும் கருவியை இத்தனை காலம் யார் வைத்திருப்பார்கள்?

தேக்குமனம்:
அந்த ஓவியத்தில் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துவிட்டீர்களா? போன மாதம் உளியை 25 பாகையில் தீட்டுவதா 30 பாகையிலா என்று நான்கு நாள் இழுத்தீர்கள். அதே கதைதான் இதுவும்.

உளிமுனை:
30 பாகை என்று அன்று சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன். மென்மரத்துக்கு 25 போதும் என்பதையும் அன்றே எழுதினேன், நீங்கள் படிக்கவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். முறுக்கு ஏறிய பிளேடைச் சுண்டினால் கிண்ணென்று ஒலிக்க வேண்டும். உங்களுடையது ஒலிக்கிறதா?

சீவுளி:
ரம்பத்தை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்தால் தள்ளும் பல் இழுக்கும் பல்லாகிவிடும். அரை நிமிட வேலை. இதற்கா இவ்வளவு?

தேக்குமனம்:
திருப்பிப் பிடிப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உளிமுனை:
இதில் மட்டும் தேக்குமனம் சொல்வது சரி. கேள்வி ஒன்றுதான்: தள்ளினால் மடியுமா, மடியாதா? ஒலிக்கிறதா என்று கேட்டதற்கும் பதில் வரவில்லை.

தேக்குமனம்:
ஒலிக்கிறது. ஆனாலும் இழுத்துத்தான் அறுப்பேன்.

உளிமுனை:
எப்படி அறுக்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. "மடியும்" என்று எழுதியதைக் கேட்கிறேன்.

புதுக்கை:
பிளேடு அகலம்?