இரத்த தான முகாம் அறிவிப்பு: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணி, தேசிய தன்னார்வ இரத்த தான தினமான அக்டோபர் 1 அன்று வளாகத்தில் முகாம் நடத்தவிருக்கிறது. அறிவிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு. மறுநாள் காந்தி ஜெயந்தி விடுமுறை என்பதால் விடுதி மாணவர்கள் முதல் நாள் மதியமே ஊருக்குப் பையைக் கட்டிவிடுகிறார்கள். எனவே முகாமைக் காலையிலேயே முடிப்பதா, ஒரு வாரம் தள்ளி வைப்பதா என்று குழப்பமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு அறிவிப்பில் தேதியும் இடமும் மட்டுமே இருந்தன. வயது 18 நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்கும் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்கும் குறையக்கூடாது, வெறும் வயிற்றில் வரக்கூடாது என்பவை இல்லாததால், வரிசையில் நின்ற முதலாண்டு மாணவர்கள் பலர் 17 வயதென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

இத்தகைய முகாம் நடத்தியவர்கள் தங்கள் அறிவிப்பின் மாதிரியைப் பகிர முடியுமா? இரத்தம் கொடுக்க இயலாத மாணவர்களுக்குப் பதிவு மேசை, சிற்றுண்டி தவிர வேறு என்ன பணி தரலாம் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.